நாலாவது கையெழுத்து

சென்னையில் வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு பாஷை படிக்க வேண்டும். தரகர் பாஷை. இலக்கணம் சுலபம். சொல்வதை நேராக எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டால் போதும்.

‘மெயின் ரோட்டிலிருந்து ரெண்டே நிமிஷம்’ என்றால் பைக்கில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல். ‘டெவலப்பிங் ஏரியா’ என்றால் தெரு விளக்கு இன்னும் வரவில்லை. ‘நல்ல காத்தோட்டம்’ என்றால் பக்கத்து மனை காலியாக இருக்கிறது, அடுத்த வருஷம் அங்கே நாலு மாடி எழும்பும். ‘டாக்குமென்ட் பக்கா கிளியர்’ என்றால் ஜெராக்ஸ் தெளிவாக விழுந்திருக்கிறது என்று பொருள். ‘லேக் வியூ ரோடு’ என்று முகவரியில் இருந்தால் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். அந்த வியூ எந்த மாதத்தில் தெரியும், எந்த மாடியிலிருந்து தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘வாட்டர் பிராப்ளமே இல்ல சார்!’ என்பதுதான் இந்த பாஷையின் மகா வாக்கியம். சென்னையில் வாட்டர் பிராப்ளம் இரண்டு வகை. மே மாதத்தில் தண்ணீர் வராது. டிசம்பரில் கூப்பிடாமலே வரும். அவர் எதைச் சொல்கிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் வீடு தேடியது 2019 கோடையில். ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஊரே குடத்தோடு லாரிக்கு ஓடும்போது, நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளை என்று வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். ‘‘உங்களுக்கு வேற நேரமே கிடைக்கலியா?’’ என்று ஆபீஸில் சிரித்தார்கள்.

உண்மையில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. வறட்சியில் பார்த்தால்தான் போர்வெல்லின் நிஜ முகம் தெரியும். வாட்ச்மேனிடம் ‘‘வாரத்துக்கு எத்தனை லாரி?’’ என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். ‘‘மூணு சார். நேத்திக்கி வரல, இன்னிக்கி சண்டை’’ என்று சொல்லிவிடுவார். தரகர் அவரை முறைத்துக்கொண்டே நிற்பார்.

ஆனால், வெயிலில் வீடு பார்த்தால் வெள்ளம் தெரியாது. 2015 டிசம்பரில் எதுவரை தண்ணீர் நின்றது என்று சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், விற்கிற வீட்டுக்கு எல்லாரும் முதலில் செய்கிற காரியம் வெள்ளையடிப்பதுதான். அதற்கு என் மனைவி ஒரு வழி வைத்திருந்தாள். தெருமுனை இஸ்திரிக்காரர். பிளாட்பாரத்திலேயே நிற்பவருக்குத் தெருவின் மேடு பள்ளம் அத்துப்படி. ஒரு இடத்தில் அவர் பதிலே சொல்லவில்லை. கரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் அப்படியே வண்டியைத் திருப்பினோம்.

தரகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியாவே அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடும். ஆபீஸ் கிடையாது. ஒரு டீக்கடை பெஞ்ச், ஒரு டி.வி.எஸ். எக்ஸெல், இடுப்பில் சாவிக் கொத்து, கையில் முந்தைய வருஷத்து டைரி. அந்த டைரியில் வீடுகள் இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது மனிதர்கள்தான் இருந்தார்கள். யார் பையன் அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டான், யாருக்குப் பெண் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை... இதெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. ஒரு வீடு விலைக்கு வரும் என்பது, அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அவருக்குத் தெரியும்.

‘‘அண்ணாச்சி, நீங்க ரெராவில் பதிவு பண்ணியிருக்கீங்களா?’’ என்று கேட்டேன், பேப்பரில் படித்த தைரியத்தில்.

‘‘அது புது பிராஜெக்ட் விக்கிறவங்களுக்கு சார். நான் பழைய வீட்டு ஆளு’’ என்றார்.

அவர் சொன்னது சரிதான். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வீடு, மனை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட்டுகள் தாங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பில்டர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவிகிதத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. இதெல்லாம் புது வீட்டுக்கு நல்ல கவசம். நீங்கள் இருபது வருஷத்துப் பழைய ஃபிளாட்டை இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது அந்தக் கவசம் கிடையாது. நீங்கள், அண்ணாச்சி, ஒரு வக்கீல், அப்புறம் கடவுள்.

பார்த்த வீடுகளின் கதையை எல்லாம் சொன்னால் பக்கம் போதாது. ஒன்று மட்டும். ‘940 ஸ்கொயர் ஃபீட்’ என்று யாராவது சொன்னால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உள்ளே அளந்து பாருங்கள். நாங்கள் அளந்தோம். 705 வந்தது. மீதி? மாடிப்படியில் உங்கள் பங்கு, லிஃப்டில் உங்கள் பங்கு, வெளிச்சுவர், மோட்டார் ரூம். மாடிப்படியில் பாய் விரித்துப் படுக்க முடியாது என்பது வேறு விஷயம். அதைவிட முக்கியம் யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடம் வயசாகி ஒருநாள் விழும். உங்களிடம் கடைசியில் மிஞ்சுவது அந்த மண் மட்டும்தான். பத்திரத்தில் அது எத்தனை சதுர அடி என்று முதலில் பாருங்கள். டைல்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 940-தான் எங்களுக்குப் பிடித்துப் போனது. மடிப்பாக்கத்தில், மேடான தெருவில், முதல் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்ப மரம். 48 லட்சம். எனக்கு அப்போது 47 வயசு. என் பி.எஃப்.பில் எடுக்க முடிந்தது, மனைவியின் நகை, அம்மா கழற்றிக் கொடுத்த இரண்டு வளையல், மீதிக்கு நான் ரிட்டையர் ஆகும் வரை, அதாவது 13 வருஷத்துக்கு, பேங்க் கடன். இதில் ஏதாவது ஏடாகூடமானால் இன்னொரு தடவை சேர்க்க எனக்கு வயசு இல்லை. நடுத்தர வர்க்கத்தில் எல்லாருக்கும் இதே கணக்குதான். உங்களுக்கும் இருக்கும்.

‘‘டோக்கன் அட்வான்ஸா ஒரு லட்சம் இன்னிக்கே கையில குடுத்துருங்க சார். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க’’ என்றார் அண்ணாச்சி. அந்த இன்னொரு பார்ட்டி சென்னை முழுக்க எல்லா வீட்டுக்கும் சாயங்காலம் வருகிறவர். அவரை யாரும் பார்த்தது இல்லை. தவிர, 2015 ஜூனிலிருந்து வீடு மனை விஷயத்தில் 20,000 ரூபாய், அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அதைச் சொன்னேன். ‘‘சார் ரொம்பப் படிக்கிறாரு’’ என்று என் மனைவியிடம் வருத்தமாகச் சொன்னார்.

‘‘ஃபைலைக் குடுங்க அண்ணாச்சி, நானும் படிக்கிறேன்’’ என்றாள் அவள்.

என் மனைவிக்குச் சட்டம் எல்லாம் தெரியாது. மளிகைக் கடை பில்லைக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. ஃபைலில் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, வீட்டுக்காரரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இருந்தன. வீடு இறந்துபோன அப்பாவின் பேரில். விற்பது மனைவியும் இரண்டு மகன்களும். விற்பனை ஒப்பந்தத்தின் டிராஃப்டில் மூன்று பேர்.

‘‘வாரிசு சர்டிஃபிகேட்ல நாலு பேர் இருக்கே?’’ என்றாள்.

அண்ணாச்சி டீ டம்ளரை வைத்தார். ‘‘அது பொண்ணும்மா. மூத்தவங்க. கல்யாணம் ஆகி அரக்கோணத்துல இருக்காங்க. அப்பவே நகை, சீர் எல்லாம் செஞ்சு அனுப்பியாச்சு. அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க.’’

‘‘கேக்க மாட்டாங்களா, கேக்கலியா?’’

‘‘ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிடுவோம்மா. சும்மா ஒரு கையெழுத்து.’’

இங்கே கொஞ்சம் சட்டம். உயில் எழுதாமல் இறந்துபோன இந்து அப்பா, தானே சம்பாதித்து வாங்கிய சொத்து என்றால், அவருடைய மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே இருக்கிற சட்டம். ‘பெண்களுக்குப் பங்கு 1989-ல் கலைஞர் கொண்டுவந்தது, 2005-ல் டெல்லி கொண்டுவந்தது’ என்று நாம் பேசிக்கொள்வது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றி. சீர் செய்ததையும் நகை போட்டதையும் இந்தப் பங்கில் கழிக்க முடியாது. ஆக, அந்த வீட்டில் நாலில் ஒன்று அரக்கோணத்து அம்மாளுடையது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் முக்கால் வீடுதான் உங்களுக்கு வரும். மீதிக் கால் வீடு எந்த ரூமில் இருக்கிறது என்று கோர்ட்டில் போய்த் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்றில் இது தெரியாது என்பதைக் கவனியுங்கள். இன்றைக்குப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே இலவசமாக வில்லங்கம் பார்க்கலாம். நல்ல வசதி. ஆனால், பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். பிறந்த மகள்கள் அதில் வர மாட்டார்கள். ஒரிஜினல் பத்திரத்தை எங்கேயாவது அடமானமாக வைத்துவிட்டு, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் வராது. அதனால்தான் ஜெராக்ஸைப் பார்த்து மயங்காமல் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள்.

பேங்க் வக்கீலிடம் போனால் அவரே இதைக் கண்டுபிடித்திருப்பார். அவருக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகி வந்தால் போதும். சட்டம் அதோடு முடிந்தது. என் மனைவிக்கு முடியவில்லை.

‘‘அந்த அக்கா நம்பர் குடுங்க அண்ணாச்சி. நான் பேசணும்’’ என்றாள்.

‘‘வாங்குற பார்ட்டி விக்கிற பார்ட்டி குடும்பத்துல பேசக் கூடாதும்மா. டீல் கெட்டுரும்.’’

‘‘கெடட்டும்.’’

எனக்கே திக்கென்றது. வேப்ப மரம் எல்லாம் மனசில் நட்டாயிற்று! வீட்டுக்கு வருகிற வழியில் ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னது பாதி காற்றில் போனது, மீதி எனக்குக் கேட்டது.

2006-ல் அவளுடைய அப்பா காலமான மூன்றாம் மாதம், மன்னார்குடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில், பத்திர எழுத்தர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு ஒரு பட்டுப் புடவையும் அரை கிலோ ஸ்வீட்டும் கொடுத்தார்கள். நல்ல அண்ணன்கள்தான், இன்றைக்கும் பொங்கல் சீர் தவறுவதில்லை. ‘‘ஆனா என்ன எழுதியிருக்குன்னு யாரும் படிச்சுக் காட்டலைங்க. நான் குடுத்திருப்பேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்’’ என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் இதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தப் புடவையை அவள் கட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் நம்பர் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். தான் யார், எந்த வீடு என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

‘‘வீட்ட விக்கிறாங்களாம்மா? எப்போ?’’

அவருக்கு விஷயமே தெரியாது. பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், வீட்டுக்காரருக்கு சுகர், கால் புண் ஆறவில்லை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் தயக்கமில்லாமல் கேட்டார்: ‘‘என் பங்கு எவ்ளோம்மா வரும்?’’

‘‘பன்னெண்டு லட்சம்க்கா.’’

சாயங்காலத்துக்குள் தம்பிகள் இருவரும் கொதித்துப் போனார்கள். வீட்டை உங்களுக்குத் தருவதாக இல்லை, வேறு பார்ட்டி பார்த்துக்கொள்கிறோம் என்று செய்தி வந்தது. அண்ணாச்சி எங்களிடம் ஒரு வாரம் பேசவில்லை. அம்மா அந்த இரண்டு வளையலை நான் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள மறுத்தாள். ‘‘வேற வீடு பாருடா’’ என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் நடந்ததை அண்ணாச்சியே பின்னால் சொன்னார். அவர் தம்பிகளிடம் நியாயம் பேசவில்லை. பேசியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ‘‘லோன் போட்டு வாங்குற எந்த பார்ட்டி வந்தாலும் இந்த நாலாவது பேரைக் கேப்பான். கேக்காதவன் கேஷ் பார்ட்டி. அவன் முப்பதுக்கு மேல தர மாட்டான். முப்பதை மூணா பிரிங்க, நாப்பத்தெட்டை நாலா பிரிங்க. எது பெருசு?’’ என்று கேட்டிருக்கிறார். கணக்கு சின்னவருக்கு முதலில் புரிந்திருக்கிறது. பிறகு சென்ட்ரலில் லோக்கல் ரயில் பிடித்து அரக்கோணத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லையாம். இரண்டாம் தடவை சின்னத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டாராம்.

நாங்கள் நினைத்த மாதிரி எல்லாம் முடியவில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று தம்பிகள் ஒரு கணக்குக் காட்ட, அக்கா 9 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். ‘‘சண்டை போட்டு வாங்கிட்டு, அப்புறம் எந்த வீட்டுக்கு நான் போறது?’’ என்றாராம். அந்த மூன்று லட்சம் என் மனைவிக்கு இன்னும் உறுத்துகிறது. தன் பணம் போன மாதிரி பேசுவாள்.

பதிவு அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். அப்போது முத்திரைத்தாள் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 4. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவிகிதம் குறைத்துவிட்டு, கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கியிருந்தார்கள். 2023 ஏப்ரலில் இதைத் தலைகீழாக்கி, மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பேரில் வாங்கினால் 1 சதவிகிதம் சலுகை, 10 லட்சம் மதிப்பு வரைக்கும். சென்னையில் 10 லட்சத்துக்கு எங்கே வீடு இருக்கிறது என்று அண்ணாச்சியின் டைரியைத்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்து, விரல் ரேகை, போட்டோ. பெரியம்மா நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டார். தம்பிகள் போட்டார்கள். நாலாவதாக அக்கா. நல்ல காட்டன் புடவையில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஆபீஸில் பின்னால் ஏழெட்டு பேர் காத்திருந்தார்கள். எழுத்தர், ‘‘எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, போடுங்க’’ என்றார். அவர் நிமிரவில்லை. என் மனைவி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பதினோரு பக்கம். சர்வே நம்பர், நான்கெல்லை, தன் பேர், தகப்பனார் பேர் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்து முடித்து, ஒரு எழுத்துப்பிழையையும் காட்டினார். பிறகு போட்டார். பேங்க்கிலிருந்து அவர் பேருக்குத் தனியாக எடுத்த டி.டி.யையும் அதே மாதிரி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.

அண்ணாச்சிக்குக் கமிஷன் 2 சதவிகிதம் என்று பேச்சு. 96,000. நான் 1 சதவிகிதத்திலிருந்து பேரம் ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். வீடு விற்கிற பார்ட்டியிடமும் அவர் வாங்குவார் என்பது ஊரறிந்த ரகசியம். என் மனைவி முந்திக்கொண்டாள்.

‘‘ஒண்ணரை. அதோட அரக்கோணம் டிக்கெட் காசு.’’

‘‘டிக்கெட் பதினஞ்சு ரூவாம்மா!’’ என்று அலறினார். ஆனால், வாங்கிக்கொண்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, எங்கள் தெருமுனை வரை தண்ணீர் வந்து நின்றது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் சிக்னல் வந்ததும் முதல் கால் அரக்கோணத்திலிருந்து. ‘‘வீட்டுக்குள்ள வரலியே?’’ என்றுதான் கேட்டார். வரவில்லை என்றதும், அந்த வேப்ப மரம் சாய்ந்துவிட்டதா என்று கேட்டார். ஒரு கிளை மட்டும் முறிந்திருந்தது.

பட்டா, சொத்து வரி எல்லாம் எங்கள் பேருக்கு மாறிவிட்டன. ஈ.பி. பில்தான் நெடுநாள் காலமான வீட்டுக்காரர் பேரிலேயே வந்துகொண்டிருந்தது. ‘‘பார்த்துக்கலாம் சார், அது ரெண்டே நிமிஷ வேலை’’ என்பார் அண்ணாச்சி.